ஆம்ப்ளிபையர் இரைந்தால் எர்த்தை வெட்டாதீர்கள்!



விலை, வரி, எடை, இருப்பு என்று நமது இதழில் எத்தனையோ பாடங்கள் படித்திருக்கிறோம். இம்முறை பழைய ஆம்ப்ளிபையரில் வரும் இரைச்சலைப் பற்றி எழுதுகிறேன். பருப்பு மொத்த வியாபாரிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனால் சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் இதைக் கற்றுக்கொள்ள வைத்தது. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி முடிக்கும் நம்மில் பலருக்குப் பாட்டு கேட்பதுதான் ஓய்வு. எண்பதுகளில் வாங்கிய ஆம்ப்ளிபையரும் டேப் டெக்கும் இன்னும் பல உறுப்பினர் வீடுகளில் இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பாடம் அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் வீட்டில் நடந்தது

1986 தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, மதுரைக்குப் போய் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் வாங்கி வந்தேன். இரும்புத் தகட்டுப் பெட்டி. மூன்று முள் பிளக். "இந்தப் பணத்துக்கு நாலு மூட்டை துவரம்பருப்பு போட்டிருக்கலாமே" என்று என் தகப்பனார் கோபித்துக்கொண்டார். பிறகு இரவில் அவரே அதிகம் கேட்டார்.

அந்தப் பெட்டி சென்ற ஆண்டு 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கியது. பாட்டுக்கு நடுவே யாரோ முனகுவது போல இருந்தது. முதலில் வந்த மெக்கானிக், "போர்டையே மாத்தணும் அண்ணாச்சி" என்று பெரிய தொகை சொன்னார். இரண்டாவதாக வந்தவர் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, பிளக்கின் எர்த் முள்ளில் இருந்த பச்சை ஒயரை வெட்டிவிட்டார். "இப்போ கேளுங்க அண்ணாச்சி" என்றார். முனகல் சுத்தமாக நின்றுவிட்டது. கைக்கூலி கொடுத்து, கெட்டிக்காரப் பையன் என்று பாராட்டியும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, என் மனைவி ஈரத் துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்தபோது கையைச் சுருக்கென்று இழுத்திருக்கிறது. வெறுங்காலோடு, அப்போதுதான் துடைத்த தரையில் நின்றிருந்தார். நான் டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் திருகாணியில் வைத்தேன். விளக்கு எரிந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்து ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் பெட்டியைத் தொடவேயில்லை. "தம்பி, இந்தச் சத்தம் என்னைக்கு ஆரம்பிச்சுது? அன்னைக்கு வீட்டில் என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸின் சத்தம் பெரிய ஸ்பீக்கரில் வரட்டும் என்று என் மகன் ஒரு ஆடியோ ஒயரை ஆம்ப்ளிபையரில் செருகியது அந்த வாரம்தான். பெரியவர் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை.

அந்த முனகல் எதைச் சொன்னது?

அவர் சொன்ன விளக்கம் இதுதான். செட்டாப் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் பெரும்பாலும் இரண்டு முள் பிளக்தான், எர்த் கிடையாது. அவற்றிலிருந்தும், தெருவெல்லாம் சுற்றி வரும் கேபிளின் வெளிவலையிலிருந்தும் சிறிது மின்கசிவு வரும். அது ஆடியோ ஒயரின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிபையரின் உடலுக்கு வந்து, எர்த் முள் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுச் சுற்றாக அலைவது. ஆடியோ ஒயரில் ஓடும் அந்தக் கசிவு பாட்டோடு கலந்து முனகலாகக் கேட்டது. இதை 'கிரவுண்ட் லூப்' என்பார்கள்.

பச்சை ஒயரை வெட்டியதும் கசிவு ஓட வழியில்லை. ஆகவே முனகல் நின்றது. ஆனால் கசிவு எங்கும் போய்விடவில்லை. பெட்டியின் தகட்டிலேயே நின்றுவிட்டது. மண்ணுக்குப் போகும் வழியாக என் மனைவியின் கை கிடைத்தது. அன்று வந்தது சிறு கசிவு, சுருக்கென்றதோடு போயிற்று. ஆனால் பழைய பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் போய், 230 வோல்ட் தகட்டில் ஏறியிருந்தால்? எர்த் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்து பியூஸ் போய்விடும். எர்த் வெட்டப்பட்ட வீட்டில், தொடுகிற ஆள்தான் எர்த். மூன்று முள் பிளக்கில் அந்தப் பெரிய முள்ளை மற்ற இரண்டையும் விட நீளமாக வைத்திருப்பதே, அது முதலில் தொட்டுக் கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான்.

இரைச்சலை அடக்குவது வேறு, இரைச்சலின் காரணத்தைத் தீர்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராமல் நான் கூலி கொடுத்து ஆபத்தை விலைக்கு வாங்கியிருந்தேன்.

முதலில் சத்தத்தைத் தரம் பிரியுங்கள்

மூட்டையைப் பிரித்ததும் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்கிறோம். அதுபோல இரைச்சலையும் காதால் தரம் பிரிக்கலாம்.

'ம்ம்ம்' என்று தாழ்ந்த முனகல்: கிரவுண்ட் லூப், வெளிவலை அறுந்த ஒயர், எர்த் கோளாறு ஆகியவற்றால் வருவது. 50 அதிர்வு.

அதைவிட ஒரு ஸ்தாயி ஏறிய, கரகரப்பான ரீங்காரம்: 100 அதிர்வு. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் இடத்தில் பில்டர் கண்டென்சர் தளர்ந்துவிட்டால் வருவது. பழைய பெட்டிகளுக்கு வரும் முதுமை நோய் இதுதான்.

குமிழைத் திருகும்போது மட்டும் 'கரக், கரக்': வால்யூம் கண்ட்ரோலில் தூசியும் துருவும்.

'உஸ்' என்று காற்று போல: கொஞ்சம் இருப்பது இயல்பு. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் கூடினால் உள்ளே ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் அல்லது ஐ.சி. பழுதாகி வருகிறது என்று பொருள். டேப் ஓடும்போது மட்டும் கேட்டால் டெக்கின் ஹெட்டைக் கவனிக்க வேண்டும்.

விட்டு விட்டுப் 'பட், பட்': பற்று விட்ட சால்டர், தளர்ந்த பிளக், தேய்ந்த சுவிட்சு.

ஸ்பீக்கரில் அல்லாமல் பெட்டியிலிருந்தே நேராக வரும் உறுமல்: டிரான்ஸ்பார்மரின் தகடுகள் தளர்ந்து அதிர்வது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இந்த உறுமல் கூடினால் குறை பெட்டியில் இல்லை. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் எந்த டிரான்ஸ்பார்மரும் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டரில் உறுமாது.

பெட்டியைத் திறக்காமல் செய்யும் சோதனைகள்

கல்லாவில் கணக்கு உதைத்தால் எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் கலைக்க மாட்டோம். ஒவ்வொன்றாக ஒதுக்கி, எதை ஒதுக்கும்போது கணக்கு நேராகிறது என்று பார்ப்போம். இங்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சத்தம் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது.

1. வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இரைச்சலும் சேர்ந்து இறங்கினால் குறை வால்யூமுக்கு முன்னால்; அதாவது டெக், செட்டாப் பாக்ஸ், ஒயர், அல்லது உள்ளே முதல் பகுதி. இறங்காமல் அப்படியே நின்றால் குறை வால்யூமுக்குப் பின்னால். பெரும்பாலும் பவர் சப்ளை. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

2. பெட்டியை அணைத்து, பின்னால் உள்ள எல்லா ஆடியோ ஒயர்களையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். மறுபடி போட்டுப் பார்த்து இரைச்சல் இல்லையென்றால், அணைத்து அணைத்து ஒவ்வொரு ஒயராகச் செருகுங்கள். எந்த ஒயரைச் செருகியதும் இரைகிறதோ அதுதான் வழி.

3. ஒரு பக்கம் மட்டும் இரைந்தால், பெட்டியை அணைத்துவிட்டு உள்ளே வரும் இடது, வலது பின்களை மாற்றிச் செருகுங்கள். இரைச்சலும் பக்கம் மாறினால் குறை ஒயரிலோ டெக்கிலோ. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்ப்ளிபையரில்.

4. பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். பிரிட்ஜ், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக், மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் ஆகிய எல்லாமே இரைச்சல் கொடுக்கக் கூடியவை. ஆடியோ ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து விடுங்கள்.

5. இசைத்தட்டு ஓட்டுபவர்கள் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயரைக் கவனிக்க வேண்டும். அது ஆம்ப்ளிபையரின் பின்புறம் 'கிரவுண்ட்' என்ற திருகாணியில் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். டேப் டெக் சில நூறு மில்லி வோல்ட் தருகிறது; இசைத்தட்டு ஊசி தருவதோ ஐந்து மில்லி வோல்ட் போல. அவ்வளவு சிறியதைப் பெருக்கும்போது, அந்த ஒயர் கழன்றிருந்தால் முனகலும் சேர்ந்து பெருகிவிடும்.

இரண்டாவது சோதனையில்தான் என் வீட்டுக் குறை பிடிபட்டது. பெரியவர் முதல் வேலையாகப் பச்சை ஒயரை எர்த் முள்ளில் மறுபடி முறுக்கினார். பிறகு செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சிறு டப்பாவை இணைக்கச் சொன்னார். கார் ஸ்டீரியோ விற்கும் கடைகளில் அது கிடைக்கிறது. அதனுள் இரண்டு சிறு டிரான்ஸ்பார்மர்கள் உள்ளன. பாட்டைக் கடத்தும், ஒயரின் வெளிவலையைத் தொடரவிடாது. எர்த் இருக்கும்போதே முனகல் நின்றது. இதைக் கரண்ட் ஒயரில் மாட்டக் கூடாது. ஆடியோ ஒயரில் மட்டுமே மாட்ட வேண்டும்.

இரண்டாவது குறை

முனகல் அடங்கியதும், அதன் அடியில் மறைந்திருந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. மெல்லிய, கரகரப்பான ரீங்காரம். வால்யூமை இறக்கினாலும் இறங்கவில்லை. "இது உன் பெட்டியோட வயசு தம்பி" என்றார் பெரியவர். பில்டர் கண்டென்சர்.

கண்டென்சர் என்பது தண்ணீர்த் தொட்டி போன்றது. குழாயில் விட்டு விட்டு வரும் தண்ணீரைத் தேக்கிச் சீராகக் கொடுப்பது தொட்டி. விட்டு விட்டு வரும் மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுப்பது கண்டென்சர். அதற்குள் ஒரு வகை ஈரப்பசை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறி அந்த ஈரம் காய்ந்துவிட்டால் தேக்கும் சக்தி குறைகிறது. விட்டு விட்டு வரும் துடிப்பு ஸ்பீக்கரில் ரீங்காரமாகக் கேட்கிறது. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஷோகேஸுக்குள் காற்றில்லாமல் வைத்து, மேலே செட்டாப் பாக்ஸையும் ஏற்றிவைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையை நாமே செய்யக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுக்கும்போது நாம் நான்கு விஷயம் தெரிந்து கேட்கலாம்.

ஒன்று, மாற்றிய பழைய கண்டென்சரைத் திருப்பிக் கேளுங்கள். மேல்மூடி உப்பியிருக்கும், அல்லது அடியில் கசிந்திருக்கும். சில சமயம் பார்வைக்கு நன்றாக இருந்தும் உள்ளே காய்ந்திருக்கும். மீட்டரில் அளந்து காட்டச் சொல்லலாம்.

இரண்டு, அளவு. என் பெட்டியில் 4700 மைக்ரோ பாரட், 50 வோல்ட் என்று இரண்டு இருந்தன. மைக்ரோ பாரட் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையவே கூடாது. 85 டிகிரி என்று அச்சிட்டதை விட 105 டிகிரி உழைக்கும். கூட்டல், கழித்தல் பக்கம் மாறினால் வெடிக்கும்.

மூன்று, சரக்கின் தரம். கலப்படம் நம் தொழிலில் மட்டும் இல்லை. பழைய சரக்குக்குப் புது உறை போட்டு விற்பது எலெக்ட்ரானிக் கடைகளிலும் உண்டு. சென்னை ரிச்சி தெரு போன்ற பெரிய சந்தையில் வாங்கினாலும், பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே நல்லது. புதிய கண்டென்சர் பழையதை விட உருவத்தில் சிறியதாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டவேண்டாம். இப்போது அதே அளவைச் சிறிய உருவத்திலேயே செய்கிறார்கள்.

நான்கு, வேலை முடிந்ததும் நேராகக் கரண்டில் போடாமல், 'சீரியஸ் போர்டில்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த போர்டு அது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்; பல்பு தாங்கிக்கொள்ளும், பெட்டி புகையாது. பல ஆண்டு பரணில் கிடந்த பெட்டியை முதன்முதலில் போடும்போதும் இதையே செய்ய வேண்டும்.

செய்யக் கூடாதவை

எர்த் முள்ளை வெட்டுவதும், மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகுவதும் கூடவே கூடாது. எந்த மெக்கானிக் சொன்னாலும் சரி.

வால்யூம் குமிழில் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மெக்கானிக்கைக் கொண்டு அடித்து, குமிழை இருபது முப்பது முறை திருப்பினால் போதும். அது நன்றாக உலரும் வரை கரண்ட் கொடுக்கக் கூடாது.

பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். கம்பி சுற்றாதீர்கள்.

ஒரு சத்தத்துக்காகப் பெட்டியையே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு, முதல் மெக்கானிக் கேட்டதில் கால் பங்கு கூட இல்லை. அதே சமயம் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது, அதற்குரிய ஐ.சி. எங்கும் கிடைக்கவில்லை என்றால் பாசத்துக்காகப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். தேங்கிய சரக்கை எப்போது தள்ளுவது என்று நமக்குத் தெரியாததா?

கடைக்கும் இதே பாடம்

எர்த் இருக்கிறது என்று பிளக்கைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. அது மண் வரை போக வேண்டும். பெரியவர் சொல்லி நான் எலெக்ட்ரீஷியனை வைத்து வீட்டையும் கிட்டங்கியையும் சோதித்தேன். வீட்டு எர்த் சரியாக இருந்தது. கிட்டங்கியில் எர்த் குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்து அறுந்தே கிடந்தது. எத்தனை ஆண்டாக அப்படி இருந்ததோ தெரியாது. அங்கேதான் கூலியாட்கள் வியர்வைக் கையோடு பாக்கெட் ஒட்டும் மெஷினையும், மூட்டை தைக்கும் மெஷினையும் தொடுகிறார்கள். அந்த மெஷின்கள் ஒருநாளும் முனகிக் காட்டவில்லை.

ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கடையிலுள்ள பிரிட்ஜ், அரவை மெஷின், சீலிங் மெஷின் ஆகியவற்றின் பிளக்கை இந்த வாரமே கழற்றி, பச்சை ஒயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் போட்டுவிட்டால், கசிவு ஏற்பட்டதும் அதுவே கரண்டை நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

என் ஆம்ப்ளிபையர் இப்போது நன்றாகப் பாடுகிறது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வரும் இடைவெளியில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் முன்பு போல அந்த அமைதியை அப்படியே நம்பிவிடுவதில்லை. வாரம் ஒருமுறை டெஸ்டரைப் பெட்டியின் திருகாணியில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் மனைவி துடைக்க வருகிறார்.